சினைப்பை புற்றுநோய்: ஒரு பகுதியின் பரிசோதனை, சிகிச்சைத் தேவையைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பகுதியில் சினைப்பை புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் எவ்வளவு தேவை இருக்கிறது என்று கேட்டால், பலரும் விலைகொடுத்து வாங்கிய சந்தை அறிக்கையைத்தான் திறக்கிறார்கள். அதில் ஒரு கண்டத்துக்கே சேர்த்து ஒரு தொகை இருக்கும். அதை மக்கள்தொகை விகிதத்தில் வகுத்தால் தங்கள் பகுதிக்கு ஓர் எண் கிடைத்துவிடும். ஆனால் ஆய்வகத்துக்கு எத்தனை கிட் வாங்குவது, கீமோ வார்டில் எத்தனை நாற்காலி போடுவது, கிடங்கில் எந்த அளவுக் குப்பி எத்தனை வைப்பது என்று எதையும் அந்த எண் சொல்லாது. கணக்கைக் கீழிருந்துதான் கட்டவேண்டும். எத்தனை பெண்களுக்கு நோய் வருகிறது, அவர்களில் எத்தனை பேர் எந்தப் படிவரை வந்து சேர்கிறார்கள், ஒவ்வொரு படியிலும் எது எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். பணம் கடைசி நெடுவரிசையில் வந்தால் போதும்.

கீழே உள்ள கணக்குக்கு 50 லட்சம் பெண்கள் வாழும் ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்கிறோம். 'அனுமானம்' என்று குறித்த எண்களை உங்கள் பகுதியின் பதிவேடும் மருத்துவமனைக் கோப்புகளும் சொல்லும் எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நோயாளிகளை எண்ணுவது

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-ல் உலகெங்கும் சுமார் 3,24,000 பெண்களுக்குப் புதிதாகச் சினைப்பை புற்றுநோய் வந்தது. சுமார் 2,07,000 பேர் இறந்தார்கள். நாடு வாரியான எண்களும் அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே இரண்டு விகிதங்கள் இருக்கும், முதல் தவறு அங்கேயே நடக்கும். வயதுசீராக்கிய விகிதம் நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக, ஒரு கற்பனையான வயதுக் கட்டமைப்பை வைத்துப் போட்டது. அதை உங்கள் மக்கள்தொகையால் பெருக்கக்கூடாது. முதியவர்கள் அதிகமுள்ள பகுதியில் அது நோயாளிகளைக் குறைத்துக் காட்டும், மிக இளைய மக்கள்தொகையில் கூட்டிக் காட்டும். பெருக்க வேண்டியது கச்சா விகிதத்தை, அதாவது உண்மையான மக்கள்தொகையில் நேரடியாகக் கணக்கிட்டதை. ஐந்தைந்து வயதுப் பிரிவாக விகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இந்த நோயின் பெரும்பகுதி 50 வயதுக்கு மேல்தான்.

லட்சம் பெண்களுக்கு 8 என்பது நம் அனுமானம். ஆண்டுக்கு 400 புதிய நோயாளிகள்.

மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து எண்ணுபவர்கள் ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டில் சி56-ஐ மட்டும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அது போதாது. சினைக்குழாய்ப் புற்று சி57.0-இலும், வயிற்று உள்ளுறைப் புற்று சி48.1, சி48.2-இலும் கிடக்கும். உயர்தர சீரஸ் எனப்படும், வேகமாக வளரும் வகையில் பெரும்பாலானவை சினைக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஃபீகோ என்ற சர்வதேச மகளிர் நோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2014 நிலைப் பகுப்பு மூன்றையும் ஒன்றாகவே வகைப்படுத்துகிறது, மருந்தும் ஒன்றேதான். எனவே மூன்றையும் கூட்டுங்கள். வயிறு, பெருங்குடல் போன்ற இடங்களிலிருந்து சினைப்பைக்குப் பரவிய புற்று சி79.6-இல் இருக்கும், அதைக் கழியுங்கள். எல்லைநிலைக் கட்டிகளை (சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்டவை), அதாவது பெரும்பாலும் டி39.1-இல் போடப்படுபவற்றை, தனி வரிசையில் வையுங்கள். அவர்களுக்கு அறுவை உண்டு, பொதுவாகக் கீமோ கிடையாது.

அடுத்த தொல்லை இரட்டைக் கணக்கு. ஒரே பெண் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்து, இன்னோரிடத்தில் அறுவை செய்து, மூன்றாவது இடத்தில் கீமோ ஏற்றிக்கொள்வது இந்த நோயில் சாதாரணம். மூன்று இடங்களின் எண்ணையும் கூட்டினால் சந்தை மும்மடங்காகத் தெரியும். பெயர் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். பிறந்த ஆண்டு, முதல் பயாப்ஸி தேதி, நோயியல் ஆய்வக பிளாக் (மெழுகில் பதித்த திசுக்கட்டி) எண் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். வெளிப்பகுதியிலிருந்து வருபவர்களையும் வெளியே போகிறவர்களையும் வசிப்பிட அஞ்சல் குறியீட்டால் பிரித்து வைக்கவேண்டும். மருத்துவமனைக்கு முதல் எண் முக்கியம், பொதுச் சுகாதாரத் திட்டத்துக்கு இரண்டாவது.

வகை, நிலை

400-ல் சுமார் 90 சதவீதம் மேற்படலப் புற்று, அதாவது 360. மீதி 40 பேரில் இளம் பெண்களுக்கு வரும் கரு உயிரணுக் கட்டி போன்றவை இருக்கும். மருந்தும் அறுவையும் வேறு என்பதால் அவர்களை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். மேற்படல வகையில் சுமார் 70 சதவீதம் உயர்தர சீரஸ். எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல், மியூசினஸ், தாழ்தர சீரஸ் என்பன மற்றவை. கிழக்காசியாவில் கிளியர் செல்லின் பங்கு மேற்கு நாடுகளைவிடத் தெளிவாக அதிகம். அது கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துக்குச் சரியாக மசியாத வகை என்பதால், வேறொரு கண்டத்தின் வகைப் பங்கீட்டை அப்படியே கடன் வாங்கினால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் பிசகும்.

மூன்றாம், நான்காம் நிலையில் 70 சதவீதம் என்று வைத்தால் முற்றிய நோய் 252, ஆரம்ப நிலை 108. முற்றியவர்களில் 80 சதவீதம் பேர் முறையான முதல் சிகிச்சைக்கு வந்து சேர்வதாக அனுமானித்தால் ஏறக்குறைய 200. இந்த 80-ஐ எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிகுறி வயிறு உப்புசம், பசியின்மை, அடிக்கடி சிறுநீர் என்று மங்கலாக இருப்பதால் பலர் முதலில் குடல் மருத்துவரிடம் போய் மாதங்களை இழக்கிறார்கள். வயிற்றுக் காசநோய் பரவலாக உள்ள இடங்களில் காசநோயிலும் வயிற்று நீரும், ரத்தத்தில் அளக்கும் கட்டிக் குறியீடான சிஏ-125-இன் உயர்வும் சேர்ந்தே இருக்கும். திசுப் பரிசோதனை இல்லாமல் காசநோய் மருந்து தொடங்கப்படுவதும், புற்றுநோய் என்று நினைத்துக் காசநோயாளியை அனுப்பிவைப்பதும் இரண்டுமே நடக்கின்றன.

பரிசோதனைச் சந்தை நோயாளி எண்ணிக்கையைவிடப் பெரிது

பரிசோதனைக்கான தேவையை 400-இலிருந்து தொடங்கக்கூடாது, சினைப்பைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட எல்லோரிடமிருந்தும் தொடங்கவேண்டும். ஒரு புற்றுக்கு 10 கட்டிகள் பரிசோதிக்கப்படுவதாக அனுமானித்தால் 4,000 பேருக்கு யோனிவழி அல்ட்ராசவுண்டும் சிஏ-125-உம் தேவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில அறிக்கைகள் அறிகுறியே இல்லாத பெண்கள் எல்லோரையும் 'ஸ்கிரீனிங் சந்தை' என்று கூட்டி எண்ணைப் பெருக்கிக் காட்டும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த யுகேசிடாக்ஸ் ஆய்வின் நீண்டகால முடிவு 2021-ல் வந்தது. சிஏ-125, ஸ்கேன் வழியான பொதுத் தேடல் இறப்பைக் குறைக்கவில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவும் 2018-ல் சராசரி ஆபத்துள்ள பெண்களுக்கு இதை வேண்டாம் என்றே சொன்னது. ஆகவே அந்த வரிசையில் பூஜ்யம் போடுங்கள்.

சிஏ-125-க்கு வழக்கமான எல்லை 35 யூனிட்/மி.லி. முதல் நிலை நோயில் பாதிப் பேருக்குத்தான் இது உயரும். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், நார்த்திசுக்கட்டி, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு எல்லாவற்றிலும் உயரலாம். தனியாகப் பார்த்து முடிவெடுக்க இது தோதான பரிசோதனை அல்ல. யாரைப் புற்றுநோய் மையத்துக்கு அனுப்புவது என்று பிரிக்க ஆர்எம்ஐ (புற்று ஆபத்துக் குறியீடு) என்ற பெருக்கல் இன்னும் பயன்படுகிறது:

ஆர்எம்ஐ = ஸ்கேன் மதிப்பெண் × மாதவிடாய் மதிப்பெண் × சிஏ-125

பல அறைகள், திடப்பகுதி, இருபக்கமும் கட்டி, வயிற்று நீர், பரவல் ஆகிய ஐந்தில் எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் மதிப்பெண் 0. ஒன்று இருந்தால் 1. இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் 3. மாதவிடாய் நின்றவர்களுக்கு 3, நிற்காதவர்களுக்கு 1. மாதவிடாய் நின்ற பெண், ஸ்கேனில் இரண்டு அம்சங்கள், சிஏ-125 60 என்றால் 3×3×60 = 540. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குப் பல அறைகள் மட்டும், அதே 60 என்றால் வெறும் 60. 200-ஐ எல்லையாகவும் சில வழிகாட்டிகளில் 250-ஐ எல்லையாகவும் வைக்கிறார்கள். திறமையான ஸ்கேன் மருத்துவர் இருக்கும் இடத்தில் ஐயோடா என்ற சர்வதேச ஸ்கேன் ஆய்வுக் குழுவின் எளிய விதிகளோ அட்னெக்ஸ் என்ற கணக்கு மாதிரியோ இதைவிட நன்றாகப் பிரிக்கும். உங்கள் பகுதியில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டறிந்தால்தான் மேல்மையத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லமுடியும்.

சிஏ-125 கிட் கணக்கில் பெரும்பங்கு நோயறிதலில் இல்லை, கண்காணிப்பில் இருக்கிறது. முதல் சிகிச்சை பெறுவோர் 265 பேர் (200 முற்றியவர்கள், கீமோ தேவைப்படும் ஆரம்ப நிலையினர் 65), ஆளுக்கு 6 பரிசோதனை என்றால் 1,590. சிகிச்சை முடிந்து முதல் இரண்டு ஆண்டில் இருப்பவர்கள் 450 பேர் என்று அனுமானித்தால், மூன்று மாதத்துக்கு ஒன்றாக 1,800. முதலில் சொன்ன 4,000-ஐயும் கூட்டினால் 7,390. அளவுத்திருத்தம், கட்டுப்பாட்டு மாதிரி, மறுபரிசோதனைக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 8,500. நூறு பரிசோதனைக் கிட் என்றால் 85 கிட். சிறிய ஆய்வகங்களில் இதற்கு மேலும் வீணாகும், ஏனென்றால் திறந்த ரீஏஜென்ட் கருவிக்குள் சில வாரங்கள்தான் தாங்கும். வாரத்துக்கு ஐந்து மாதிரி வரும் இடத்தில் சொந்தக் கருவி வைப்பதைவிட மாதிரியை அனுப்பிவைப்பதே மேல்.

ஒரு நோயாளியின் சிஏ-125-ஐக் கடைசிவரை ஒரே நிறுவனத்தின் கருவியில் பாருங்கள். ரோஷ், அபாட், ஃபுஜிரெபியோ போன்றவற்றின் முறைகள் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்காது. டெண்டர் மாறிக் கருவி மாறும்போது திடீர் ஏற்றத்தை மறுவருகை என்று எடுத்துக்கொண்டு சிடி ஸ்கேன் எழுதுவது உண்டு. கருவி மாறினால் பழையதிலும் புதியதிலும் ஒரே மாதிரியைப் பரிசோதித்து, அவரவர்க்குப் புதிய அடிப்படை எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். இன்னொரு கட்டிக் குறியீடான ஹெச்இ4 பரிசோதனையைச் சேர்ப்பதானால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பொய்யாக உயரும் என்பது ஆய்வக ரிப்போர்ட்டிலேயே அச்சாகட்டும்.

பிளாக்கில்தான் எல்லாம் இருக்கிறது

சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியில் ஊசி போடக்கூடாது. கட்டி கசிந்தால் 1ஏ நிலையில் (ஒரு சினைப்பைக்குள் அடங்கியது) இருந்தவர் 1சி1 (சிகிச்சையின்போது கசிந்தது) ஆகிவிடுவார், தேவையில்லாத கீமோவும் வந்து சேரும். அதை முழுதாக எடுத்து, உறைநிலைத் துண்டு (அறுவையின் நடுவிலேயே திசுவை உறையவைத்து வெட்டியது) பார்த்து, அங்கேயே முடிவெடுப்பதுதான் முறை. பரவிவிட்ட நோயில், முதலில் கீமோ என்று முடிவானால் மட்டும் ஸ்கேன் பார்த்தபடி ஒமென்டம் (குடலை மூடிய கொழுப்புத் திரை) அல்லது உள்ளுறையிலிருந்து ஊசிப் பயாப்ஸி எடுக்கிறார்கள்.

இந்தப் பயாப்ஸியை 'புற்றா இல்லையா' என்று தெரிந்தால் போதும் என்ற அளவுக்குச் சிறிதாக எடுக்கும் இடங்களில், ஆறு மாதம் கழித்து மருந்துச் சந்தையே அடைபடுகிறது. பிஆர்சிஏ (டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் மரபணுக்கள்), ஹெச்ஆர்டி (அந்தப் பழுதுபார்ப்பு செயலிழந்த நிலை) போன்ற மரபணுப் பரிசோதனைகளுக்குப் போதிய கட்டிச் செல்கள் கொண்ட பிளாக் வேண்டும். பொதுவாக 20 முதல் 30 சதவீதம் கட்டிச் செல் கேட்பார்கள். கீமோவுக்குப் பிறகு அறுவையில் எடுத்த திசுவில் செத்த செல்லும் தழும்புமே மிஞ்சியிருக்கும், அதில் பரிசோதனை தோற்கும். எனவே கீமோவுக்கு முந்தைய பயாப்ஸியிலேயே மூன்று, நான்கு துண்டு எடுத்து இரண்டு பிளாக்காகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஃபார்மலினில் போட்டுத் திங்கள் பிற்பகல் எடுக்கும் வழக்கத்தில் அந்த எல்லை எளிதில் நழுவும்.

அறுவை: ஆள் கணக்கு வேண்டாம், நாள் கணக்கு போடுங்கள்

முற்றிய 200 பேரில் 80 பேர் முதலில் அறுவைக்கும், 120 பேர் முதலில் கீமோவுக்கும் போவதாகவும், அந்த 120-ல் 90 பேர் மூன்று சைக்கிளுக்கு (கீமோ சுற்றுக்கு) பிறகு அறுவைக்கு வருவதாகவும் அனுமானம். முற்றிய நோய்க்கான அறுவை 170. குடல், உதரவிதானம், மண்ணீரல் வரை போகவேண்டியிருக்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஆரம்ப நிலை 100 பேருக்கு அரை நாள் வீதம் 50. ஆகமொத்தம் 220 தியேட்டர் நாட்கள். அதாவது விடுமுறைகள் போக ஆண்டின் வேலைநாட்களில் ஒரு மேசை ஏறக்குறைய இந்த நோய்க்கே போய்விடும். அந்த மேசையோடு தீவிர சிகிச்சைப் படுக்கை, ரத்தம், உறைநிலைத் துண்டு பார்க்க நோயியல் நிபுணர் எல்லாம் அதே நாளில் இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிஞ்சாமல் எடுப்பதே குறிக்கோள். நோயாளியின் ஆயுளை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் காரணிகளில் அது ஒன்று. இடம் இல்லாமல் அறுவை தள்ளிப்போகும்போது 'முதலில் கீமோ' எண்ணிக்கை தானாகவே கூடும். கோப்பில் அது மருத்துவ முடிவுபோலத் தெரிந்தாலும் பின்னால் இருப்பது தியேட்டர் பற்றாக்குறை. இரண்டையும் பிரித்துக் குறிப்பது கடினம், ஆனால் கேட்டுப் பாருங்கள்.

2019-ல் வந்த லயன் ஆய்வுக்குப் பிறகு, வீங்காத நிணநீர்க் கணுக்களை முற்றிய நோயில் வழக்கமாக எடுப்பது கைவிடப்பட்டுவருகிறது. பழைய அறுவை நேரங்களை வைத்துக் கணக்கிடுபவர்கள் இதைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

கீமோ: மில்லிகிராமில் எண்ணினால் கையிருப்பு தீரும்

அடிப்படை மருந்து மாறவில்லை: கார்போபிளாட்டின் ஏயுசி (ரத்தத்தில் மருந்து மொத்தமாகத் தங்கும் அளவு) 5 அல்லது 6, பாக்லிடாக்சல் சதுர மீட்டருக்கு 175 மி.கி. மூன்று மணி நேரத்தில், 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு சைக்கிள். இரண்டுமே உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை.

முற்றிய நோயில் 200 பேருக்குச் சராசரி 5.5 சைக்கிள், ஆக 1,100. ஆரம்ப நிலையில் 65 பேருக்கு 5 சைக்கிள், ஆக 325. மொத்தம் 1,425. ஆண்டுக்கு 50 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 6. முன்மருந்து, மூன்று மணி நேர பாக்லிடாக்சல், அதன்பின் கார்போபிளாட்டின், ரத்த ரிப்போர்ட்டுக்கும் மருந்து கலக்குவதற்குமான காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாற்காலி ஒரு நாளைக்கு ஒருவருக்கே சரியாகும். ஆக முதல் சிகிச்சைக்கு மட்டும் 6 நாற்காலி.

மருந்தளவுக்கு கால்வர்ட் சூத்திரம்: டோஸ் மி.கி. = ஏயுசி × (ஜிஎஃப்ஆர் + 25). ஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் வடிகட்டும் வேகம். அது 75, ஏயுசி 5 என்றால் 500 மி.கி. மெலிந்த, தசை குறைந்த பெண்களுக்குக் கிரியாட்டினின் (ஜிஎஃப்ஆரைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் தசைக் கழிவு) மிகக் குறைவாக வரும், சூத்திரம் சிறுநீரகத்தை உள்ளதைவிட வலுவாகக் காட்டும், டோஸ் ஏறிப் பிளேட்லெட் சரியும். அதனால் கிரியாட்டினினை 0.7-க்குக் கீழே எடுக்காமல், ஜிஎஃப்ஆரை 125-க்கு மேல் போகவிடாமல் கணக்கிடுவது வழக்கம். ஏயுசி 6 என்றாலும் உச்சம் 900 மி.கி.

குப்பிகள் 450, 150 என்று வருகின்றன. 500 மி.கி.க்கு ஒரு 450-உம் ஒரு 150-உம் திறக்கவேண்டும், 100 மி.கி. மிஞ்சும். 1,425 சைக்கிளுக்கு மில்லிகிராம் கணக்கில் 7,12,500 வேண்டும், திறப்பதோ 8,55,000. இருபது சதவீத இடைவெளி. அடுத்தடுத்த நோயாளிகளுக்கு ஒரே நாளில் கலந்து மிச்சத்தைப் பயன்படுத்தும் மருந்தகத்தில் இது பெருமளவு குறையும். பாக்லிடாக்சலில் சிக்கல் குறைவு. உடற்பரப்பு 1.5 என்றால் 262 மி.கி., இரண்டு 100-உம் இரண்டு 30-உம் சேர்ந்து 260.

துணைப்பொருட்களை மறந்தால் மருந்து இருந்தும் ஏற்றமுடியாது. பாக்லிடாக்சலுக்கு டிஇஹெச்பி (பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் ரசாயனம்) கலந்த பிவிசி குழாய் ஆகாது, மருந்தின் கரைப்பான் குழாயிலிருந்து அந்தப் பொருளைக் கரைத்து இழுத்துவிடும். 0.22 மைக்ரான் வடிகட்டி வேண்டும். கார்போபிளாட்டின் அலுமினியம் பட்டால் கெடும். ஒவ்வாமையைத் தடுக்க டெக்சாமெத்தசோன், டைஃபென்ஹைட்ரமின், ஹெச்2 தடுப்பி (ஃபாமோடிடின் போன்றது) மூன்றும் முன்னரே கொடுக்கவேண்டும். கார்போபிளாட்டின் ஒவ்வாமை வேறு மாதிரி: முதல் முறையில் அரிது, மறுவருகைக்காக இரண்டாம் சுற்று கொடுக்கும்போதுதான் தலைகாட்டும். அந்த நோயாளிகளுக்குத் தனிக் கண்காணிப்புள்ள நாற்காலியை ஒதுக்குங்கள்.

கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் சேர்ப்பவர்கள் கிலோவுக்கு 7.5 அல்லது 15 மி.கி. கொடுக்கிறார்கள். இரண்டில் எது உங்கள் பகுதியின் வழக்கம் என்பதைப் பொறுத்து ஒரே நோயாளி எண்ணிக்கைக்கு மருந்து இரட்டிப்பாகும். பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும், அந்தச் சைக்கிள்களைக் கழியுங்கள்.

பார்ப் தடுப்பிகள்: நோயாளி அல்ல, நோயாளி-மாதம்

பார்ப் என்பது செல்லில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நொதி. அதைத் தடுக்கும் ஓலாபரிப், நிராபரிப் மாத்திரைகள்தான் இந்தச் சந்தையின் பணத்தில் பெரும்பங்கை இழுப்பவை. தவறான கணக்குகளும் இங்கேதான் அதிகம். முற்றிய 200 பேரில் உயர்தர சீரஸ் 160 என்று வைத்து இறங்கிப் பாருங்கள். பிஆர்சிஏ பரிசோதனைக்குப் போகிறவர்கள் 50 சதவீதம், அதாவது 80. பரிசோதனை தோற்காமல் முடிவு வருவது 90 சதவீதம், 72. பரம்பரையும் கட்டியில் மட்டும் இருப்பதும் சேர்ந்து மாற்றம் தெரிவது சுமார் 20 சதவீதம், 14. பிளாட்டினத்துக்கு நோய் அடங்கியவர்கள் 80 சதவீதம், 11 அல்லது 12. காப்பீடோ அரசுத் திட்டமோ கைகொடுப்பது 70 சதவீதம். கடைசியில் ஆண்டுக்கு 8 பேர்.

இப்போது எந்தத் திருகைத் திருப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நிதி கைகொடுப்பதை 70-இலிருந்து 90-ஆக்கினால் 8 பேர் 10 ஆவார்கள். பரிசோதனைக்குப் போவதை 50-இலிருந்து 80-ஆக்கினால் 13 ஆவார்கள். விலைத் தள்ளுபடிக்காக மாதக்கணக்கில் பேரம் நடக்கிறது, ஆனால் பிளாக்கை அனுப்பவும் ஒப்புதல் வாங்கவும் ஆள் போடுவது அதைவிட அதிகம் பேருக்கு மருந்தைக் கொண்டுசேர்க்கும். பிஆர்சிஏ மாற்றம் இல்லாமலே ஹெச்ஆர்டி காட்டுபவர்களைச் சேர்த்தால் உயர்தர சீரஸில் ஏறக்குறைய பாதிப் பேர் தகுதிக்குள் வருவார்கள். அவர்களுக்கு ஓலாபரிப்பைப் பெவாசிசுமாப்போடு கொடுப்பதே பாவோலா-1 ஆய்வின் வழி, எனவே இரண்டு மருந்துக்கும் வரிசை சேருங்கள்.

முதல் சிகிச்சைக்குப் பின் ஓலாபரிப் பொதுவாக இரண்டு ஆண்டு வரை, நிராபரிப் மூன்று ஆண்டு வரை. 8 பேர் × 24 மாதம் = 192 என்று முதல் ஆண்டுக்கே எழுதுவது அடிக்கடி பார்க்கும் பிழை. நோயாளிகள் ஆண்டு முழுக்கப் பரவலாக வந்து சேர்கிறார்கள், பலர் இடையில் நிறுத்துகிறார்கள். சராசரி 18 மாதம் எடுப்பதாக வைத்தால் முதல் ஆண்டு 48 நோயாளி-மாதம், இரண்டாம் ஆண்டு 132, மூன்றாம் ஆண்டு 144-இல் நிலைபெறும். ஓலாபரிப் 300 மி.கி. இருவேளை என்பது 150 மி.கி. மாத்திரை நாளுக்கு நான்கு, 30 நாளுக்கு 120. முதல் ஆண்டுக்கு 5,760 மாத்திரை. ரத்தச்சோகையால் டோஸைக் குறைப்பவர்களுக்கு 100 மி.கி. மாத்திரை வேண்டும், 250-க்கு 150-உம் 100-உம் சேர்ந்து, 200-க்கு 100 இரண்டு. 100 மி.கி. கையிருப்பு இல்லாவிட்டால் நோயாளி மருந்தையே நிறுத்திவிடுகிறார். நிராபரிப்பில் 77 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கும் பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் 200 மி.கி.யில் தொடங்குவதே முறை. எல்லோருக்கும் 300 என்று பெருக்கினால் கணக்கு வீங்கும்.

பழைய அறிக்கைகளில் பல சுற்றுக் கீமோவுக்குப் பிறகு பார்ப் மருந்தையே சிகிச்சையாகக் கொடுக்கும் வரிசை இருக்கும். அந்த அனுமதிகளை அமெரிக்காவில் 2022-ல் நிறுவனங்களே திரும்பப் பெற்றன. அந்த வரிசையை அழித்துவிடுங்கள்.

பரம்பரை மாற்றம் கண்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. நெருங்கிய ரத்த உறவினர் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு. 80 வயதுக்குள் சினைப்பை புற்று வரும் ஆபத்து பிஆர்சிஏ1-இல் சுமார் 44 சதவீதம், பிஆர்சிஏ2-இல் சுமார் 17. முன்னவர்களுக்கு 35 முதல் 40 வயதில், பின்னவர்களுக்கு 40 முதல் 45 வயதில் சினைப்பையையும் சினைக்குழாயையும் எடுக்கச் சொல்கிறார்கள். மரபணு ஆலோசகர் நேரம், தனி மாற்றத்துக்கான மலிவான பரிசோதனை, சிறிய லாப்பரோஸ்கோப்பி அறுவை, குழாய் நுனியை நெருக்கமாக வெட்டிப் பார்க்கும் நோயியல் வேலை என்று நான்கு வரிசைகளை இது சேர்க்கும். பல கணக்குகளில் இந்த நான்குமே இல்லை.

மறுவருகை

முற்றிய நோயில் நான்கில் மூன்று பேருக்கு மீண்டும் வரும். முதல் சிகிச்சையை முடித்த 180 பேரில் 135. ஆனால் இவர்கள் இந்த ஆண்டின் நோயாளிகள் அல்லர், கடந்த சில ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்கள். பகுதியில் மருத்துவமனை புதிதாகத் திறந்திருந்தால் முதல் இரண்டு ஆண்டு இந்த எண் மெலிந்திருக்கும். பிளாட்டினம் முடிந்து ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள், அதற்குப் பின் திரும்பியவர்கள் என்று பிரியுங்கள். பின்னவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பிளாட்டினத்துக்கே போவார்கள், கார்போபிளாட்டின் கணக்கில் அவர்களைக் கூட்டுங்கள். முன்னவர்களுக்கு வாராந்திர பாக்லிடாக்சல், லிபோசோமல் டாக்சோரூபிசின், டோபோடெக்கான், ஜெம்சிடபின். இந்தப் பிரிவில்தான் மிர்வெடுக்சிமாப் சொராவ்டான்சின் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 நவம்பரில் விரைவு அனுமதி, 2024 மார்ச்சில் முழு அனுமதி. ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா கறைப் பரிசோதனையில் 75 சதவீதச் செல்களாவது நடுத்தர அல்லது வலுவான கறை காட்டியிருக்கவேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறுவார். கண் பாதிப்பு வரும் என்பதால் கண் மருத்துவர் பரிசோதனையும் சொட்டு மருந்தும் இந்த மருந்தின் செலவிலேயே சேரும்.

விலை போடுவதும் சரிபார்ப்பதும்

அலகுகள் எல்லாம் வரிசையாக நின்ற பிறகே விலையைப் பெருக்குங்கள். அச்சிட்ட விலை வேண்டாம், தள்ளுபடியும் இலவசக் குப்பித் திட்டமும் கழிந்த நிகர விலை. பெவாசிசுமாப்புக்குப் பயோசிமிலர் (வேறு நிறுவனம் செய்யும் ஒத்த மருந்து) உள்ள பகுதியில் முதல் நிறுவனத்தின் விலையைப் போட்டால் தொகை பொய்யாகும். பரிசோதனை, அறுவை, ஊசி மருந்து, மாத்திரை, பின்தொடர்தல் என்று ஐந்து தொகையாகவே வைத்திருங்கள். ஒரே தொகையாக்கினால் யாருக்கும் பயன்படாது.

விற்பனைப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. கார்போபிளாட்டின் நுரையீரலுக்கும், பாக்லிடாக்சல் மார்பகத்துக்கும், ஓலாபரிப் மார்பகம், புராஸ்டேட், கணையத்துக்கும் போகிறது. சிஏ-125-ஐக் குழந்தையின்மை மருத்துவமனைகளும் எழுதுகின்றன. நம்பகமான குறுக்குச் சோதனை நோயியல் ஆய்வகத்தில் கிடைக்கும்: ஓராண்டில் உயர்தர சீரஸ் என்று பதிவான நோயாளிகள். உங்கள் கணக்கு அதைவிட இரண்டு மடங்கு என்றால் இரட்டைக் கணக்கு. பாதி என்றால் குறியீடு விட்டுப்போயிருக்கிறது.

ஒவ்வொரு அனுமானத்தையும் 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். மாத்திரைத் தொகையைக் குலுக்குபவை பரிசோதனைக்குப் போகும் சதவீதமும் சராசரி மாதங்களும். கீமோத் தொகையைக் குலுக்குவது சிகிச்சைக்கு வந்து சேரும் சதவீதம். கள விசாரிப்புக்கு ஒதுக்கிய நாட்களை இந்த மூன்றுக்கும் செலவிடுங்கள். நோய் வரும் விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். பரிசோதனைப் பங்கையும் மருந்து அனுமதிகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு தனித் தாளில் குறித்துவையுங்கள்.